மியூனிக்கிலிருந்து ஏழு போட்டோக்கள்

ராஸ் அல் கைமா

அகிலாவின் அம்மாவுக்கு,

நீ வேலை பார்க்கும் வீட்டு மேடம் குடும்பத்தோடு, அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜெர்மனிக்குச் சுற்றுலா போன இடத்திலிருந்து நீ அனுப்பிய போட்டோக்களை கேம்ப் ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். பக்கத்துக் கட்டில் அருள்ராஜ் கேட்டான், "அண்ணி எல்லாத்துலயும் தனியா நிக்கிறாங்களே, எடுக்குறது யாருண்ணே?"

சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஆனால் டூட்டியில் வேலை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, போட்டோ எடுத்த ஆளின் நிழலாவது தரையில் விழுந்திருக்கிறதா என்று தேடினேன்.

நிழல் இல்லை. அரண்மனை, மிருகக்காட்சி சாலை, படகுத்துறை, எங்கேயும் நீ வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாய். பக்கத்தில் குழந்தையின் காலி தள்ளுவண்டி. காலடியில் அவர்களுடைய பைகள்.

எடுத்தது யார் என்று இனிக் கேட்கமாட்டேன். ஒரு இடத்திலாவது உன்னை உள்ளே கூட்டிப்போனார்களா?

உன் வீட்டுக்காரன்