காடு குடிவந்த வீடு

1956 ஆகஸ்ட் 12, ஞாயிறு

சில வருஷங்களுக்கு முன் ரப்பர் தோட்டத்தை மூடியதும் டவுனில் ஜாலான் புசார் தெருவுக்குக் குடிவந்தோம். இன்று நானும் அவரும் மார்சிலிங் பக்கம் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில், எங்கள் பழைய லயத்து வீட்டுக்குப் போனோம். அவர் செய்து மாட்டிய கதவைக் கழற்றி வந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கட்டில் செய்ய ஆசை.

லயமே காடாகிவிட்டது. எங்கள் கூரையைப் பிளந்து மரம் நிற்கிறது. அதன் வேர்கள் கதவை இறுகப் பிடித்திருந்தன. அவர் வெட்டுக்கத்தியை ஓங்கியபோது உள்ளே உறுமல் கேட்டது. சன்னலில் எட்டிப் பார்த்தேன். நாங்கள் பாய் விரித்துப் படுத்த இடத்தில் ஒரு காட்டுப்பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. பாய்ந்திருந்தால் இந்த வயிற்றோடு என்னால் ஓடியிருக்க முடியாது. அது எங்களைப் பார்த்தபடியே படுத்திருந்தது.

“வாங்க, போயிடலாம். பாவம், புள்ள பெத்துக் கெடக்குறா,” என்றேன்.

அவர் கத்தியை இறக்கினார். “சரி லா, போவோம். இனிமே இது அதோட வீடு.”

வெறுங்கையோடு பஸ் ஏறினோம். எனக்கு வருத்தமே இல்லை. என் முதல் குழந்தை அந்த அறையில்தான் பிறந்தது, அங்கேயே போயும்விட்டது. இத்தனை நாளும் அந்த அறையை நினைத்தாலே அழுகை வரும். இன்று அங்கே குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்ததைப் பார்த்தேன். இனி அதுதான் ஞாபகம் வரும். மாதாவே, உனக்கு நன்றி.