கோல்கீப்பரை முன்னால் அனுப்பிய மேனேஜருக்கு

கூடப் படித்து, கூட ஆடி, என் தங்கையையும் கட்டிக்கொண்டு, கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்ட என் ஆசை நடராஜா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் அஸ்தினாபுரம் விடிவெள்ளி கால்பந்து அணிக்கு இப்போது நான்தான் மேனேஜர். சிரிக்காதே மச்சான். ஒன்பதாவதோடு நின்றவனுக்கு என்ன தெரியும் என்று கேட்காதே. தங்கச்சி விஜயா வீட்டில் கேபிள் இழுத்துவிட்டோம். வெளிநாட்டு மேனேஜர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கையை ஆட்டுவதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு நானே பாடம் எடுக்கலாம்.

பொறுப்பேற்றதும் மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தேன். மூன்றாவது ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் கூட்டம். சரி, உன்னிடம் எதற்குப் பொய், ஆயிரம். விஜயா நூறு என்கிறாள். மதில் மேல் உட்கார்ந்திருந்தவர்களை அவள் எண்ணியிருக்க மாட்டாள். எனக்கு மாலை போட்டார்கள். சம்பங்கி மாலை. உனக்கு யாராவது போட்டார்களா?

போட்டிருக்க மாட்டார்கள். நீ மேனேஜராக இருந்த பத்து வருடத்தில் நாம் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். அதற்காக நான் உன்னைக் கேலி செய்யாத நாள் உண்டா? முக்கியமாக அந்த மாற்று ஞாயிறு. நம் அணி போடும் இந்த மலரில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடராஜன் எல்லோரையும் இடம் மாற்றி ஆட வைப்பான். கோல் போடுகிறவன் பின்னால் நின்று தடுக்க வேண்டும். தடுக்கிறவன் கோல்கீப்பர். கோல்கீப்பர் முன்னால் போய் ஓட வேண்டும். பார்க்கக் கண்ணராவியாக இருக்கும்.

"இன்னாடா இது, சர்க்கஸா?" என்று நான் கேட்டதும் நீ என்ன சொன்னாய்?

"எல்லாம் ஷிஃப்ட்டு வேலைக்குப் போற பசங்க மச்சான். எவன் வருவான், எவன் ஓவர்டைம்ல மாட்டுவான்னு எனக்கே தெரியாது. வந்தவன் ஆடணும். அவ்ளோதான்."

"அதுக்கு மேட்ச் தோத்தா பரவாயில்லையா?"

நீ பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வெற்றிக்குப் பிறகு தாம்பரத்தில் அரை இறுதி. எதிர் அணியில் ஐந்து பேர் வட மெட்ராஸிலிருந்து காசு கொடுத்துக் கூட்டி வந்த ஆட்டக்காரர்கள். நம் பக்கம் மூன்று பேருக்குக் கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். சரியாகப் பதினொரு பேர்தான் வந்தார்கள், மாற்று ஆள் ஒருத்தன்கூடக் கிடையாது. அப்படியும் நான் கலங்கவில்லை. நான் கலங்கி நீ பார்த்திருக்கிறாயா?

முதல் பாதியிலேயே நம் கோல்கீப்பர் யேசுதாஸ் பாய்ந்து விழுந்து விரலை மடக்கிக்கொண்டான். விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ரெஃப்ரி என்னைப் பார்க்கிறார். கூட்டம் என்னைப் பார்க்கிறது. என் தலைக்குள் கேபிளில் பார்த்த ஒரு மேனேஜர்கூட வரவில்லை.

அப்போது இடது பக்கம் தடுத்து ஆடும் முனுசாமி நேராக வந்து யேசுதாஸின் கையுறையைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டான். முன்னால் கோல் போட நின்ற சேகர், யாரும் சொல்லாமலே முனுசாமியின் இடத்துக்கு இறங்கிவந்தான். யேசுதாஸ் விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சேகரின் இடத்துக்கு ஓடினான். கைக்குத்தானே அடி, கால் நன்றாகத்தானே இருக்கிறது! ஒருவரை ஒருவர் முகம்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. உன் ஞாயிற்றுக்கிழமை என் கண்முன்னே ஓடியது மச்சான்.

கடைசிவரை மல்லுக்கட்டி ஒரே ஒரு கோலில் தோற்றோம். ஆனால் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

"இன்னா மேனேஜர்பா! கோல்கீப்பரயே முன்னால ஆட வுட்டுட்டாரு!" என்று ஒருத்தன் கத்தினான்.

நான் கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அங்கே தொடங்கி குரோம்பேட்டை வருவதற்குள், அது ஆறு மாதமாக நான் மனசுக்குள் வைத்திருந்த ரகசியத் திட்டம் ஆகிவிட்டது. டீக்கடையில் கிளாஸ்களை அடுக்கிப் படம் போட்டே காட்டினேன். இன்னும் ஒரு கிளாஸ் இருந்திருந்தால் உலகக் கோப்பையையே அங்கு நடத்தியிருப்பேன்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. தலைவர் ஏகாம்பரம் அண்ணன், ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் போட்டவர், இப்போது அதையே மனை பிரித்து விற்கிறவர், எழுந்து பேசினார்.

"மேனேஜரு சூப்பரா கீறாரு. ஆளுங்கதான் சரியில்ல. நடராஜன் சேத்த ஆளுங்க. பாவம், அவருக்கு ஆள் எடுக்கத் தெரியல. இவுங்கள வுட்டுட்டு நாமளும் வட மெட்ராஸ்ல இருந்து ஆள் எடுத்துக்கலாம்."

முனுசாமி, சேகர், யேசுதாஸ் மூவரும் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். என் ரகசியத் திட்டம் அவர்கள் இடத்தையும் உன் பேரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் என் மாலை போய்விடும். திறக்காவிட்டால்? நீ என் இடத்தில் இருந்தால் ஒரு நொடி யோசித்திருப்பாயா? நான் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"அண்ணா, அது என் பிளான் இல்ல," என்றேன்.

"அப்போ நீ இன்னாதான் பண்ணிகினு இருந்த?"

"வாயத் தொறந்துகினு நின்னுட்டிருந்தேன்."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னேன். "ஏகாம்பரண்ணா, ஏரி நெறஞ்ச வருஷம் எல்லார் நெலமும்தான் வெளஞ்சுது. அதுல யார் கெட்டிக்காரன்னு நீங்க பாப்பீங்களா? தண்ணி வத்துன வருஷம் எவன் கதிரு அறுத்தான்னுதான பாப்பீங்க? நடராஜனுக்கு எந்த வருஷம் தண்ணி இருந்துச்சு? பாதி ஆள் வராத டீமு. அதை வெச்சிகினு பத்து வருஷம் ஓட்டினான். நான் ஜெயிச்ச மூணு மேட்ச்சும் அவன் பழக்குன காலுங்க. அன்னிக்கி மைதானத்துல மேனேஜரே இல்ல. ஆனா டீம் இருந்துச்சு. அது யாரு வேலை?"

ஏகாம்பரம் அண்ணன் மேசை மேல் விரலால் வரப்பு மாதிரி ஒரு கோடு இழுத்தார். தண்ணீர் வற்றிய ஏதோ ஒரு வருடம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஒரு சீசன்," என்றார். "இதே ஆளுங்க. ஒரே சீசன், பாக்கலாம்."

வெளியே வந்ததும் முனுசாமி என் தோளில் கை போட்டான். "தொறந்த வாய மூடிகினு இன்னும் ஒரு வருஷம் நில்லு அண்ணா. நாங்க ஆடறோம்."

அந்த அவமானத்தை நான் எவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன் தெரியுமா? சம்பங்கி மாலைகூட அப்படி மணக்கவில்லை.

விஜயா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள். அதையும் அப்படியே எழுதிவிட்டேன். நீயே அவளுக்கு ஒரு பதில் சொல் மச்சான்.

போன ஞாயிறு மறுபடி இடம் மாற்றி ஆட வைத்தேன். யேசுதாஸ் விரல் கட்டோடு மூன்று கோல் போட்டான். சரி, இரண்டு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த சீசனில் முக்கியமான ஒரு ஆட்டத்தன்று நான் மைதானத்துக்கே போக மாட்டேன். விஜயா வீட்டில் உட்கார்ந்திருப்பேன். என்னைக் கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி அவளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். என் கால் என் பேச்சைக் கேட்காது. அன்றைக்கு நம் பசங்கள் என்னைத் தேடாமல் ஆடி முடித்தார்கள் என்றால், அப்போது வந்து சொல்கிறேன் நடராஜா, நானும் கொஞ்சம் நல்ல மேனேஜர்தான் என்று.

உன் விஜயாவின் அண்ணன்,
உன்னிடம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த
உன் மச்சான் குப்புசாமி