குளிராத ஃப்ரிட்ஜும் நானும்

மார்ச் 3, செவ்வாய்

ஏரிக்கரை முகாமில் வண்டியை நிறுத்தியாயிற்று. இவர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வண்டிவீடு, கட்டில் அடுப்பு எல்லாம் உள்ளேயே. எனக்கோ நெஞ்செரிச்சல், தலைமாடு உயரமாக இருந்தால்தான் தூக்கம். கட்டிலின் தலைமாடு வண்டியின் பின்பக்கம் என்பதால், பின்சக்கரங்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைக்கச் சொன்னேன். படுத்துப் பார்த்தேன், சுகம்.

மார்ச் 4, புதன்

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. வழியெல்லாம் ஒழுங்காகத்தானே ஓடியது? உள்ளே இருக்கும் தெர்மாமீட்டர் பதினெட்டு காட்டுகிறது. பால் கெட்டால் போகிறது. இவருடைய மூன்று மாத இன்சுலின் அதற்குள்தான். அது கெட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட கடல் இன்னும் இரண்டு நாள் தூரம்.

முகாம் அலுவலகத்தில் ஐஸ் பெட்டி வாங்கி, மருந்தைத் துண்டில் சுற்றி வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

இவர் பழுது பார்த்த படலம். இது கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் ஃப்ரிட்ஜ். கேஸில் ஓட்டினார் — இல்லை. கரண்டில் போட்டு ஆறு மணி நேரம் காத்திருந்தோம் — ம்ஹூம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கேஸ் பர்னரில் சிலந்தி வலை இருந்தது, துடைத்தார். நெருப்பு நீலமாக ஜோராக எரிகிறது. உள்ளே பதினேழு. ஒரு டிகிரிக்கு முகத்தில் அத்தனை பெருமை.

"பழைய வண்டி வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். கை கழுவப் போனார்.

பயமா இருக்கு. அதைச் சொல்லத் தெரியாம கத்தறேன். ஐஸ் கரைஞ்சுக்கிட்டே இருக்கு.

மார்ச் 6, வெள்ளி

முகாம் மெக்கானிக் வந்தார். கருவிப் பையைத் திறக்கவே இல்லை. ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"இதுல மோட்டார் கிடையாதுங்க. சூட்டுல குழாய்க்குள்ள இருக்கிற அம்மோனியாத் தண்ணி மேல ஏறி, தானா கீழ வழிஞ்சு வரணும். வண்டி சாஞ்சிருந்தா வழியாது. கேஸு, கரண்டு, எதுல போட்டாலும் இதே கதிதான். யாரு செங்கல் வெச்சது?"

நான் பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தாங்க," என்றார் இவர்.

கால் மணி நேரம் மெக்கானிக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் மும்முரமாகப் பாத்திரம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

மார்ச் 7, சனி

நேற்றே செங்கலை எடுத்து வண்டியைச் சமமாக்கியாயிற்று. காலையில் நாலு டிகிரி. மருந்து பத்திரம்.

மெக்கானிக் எட்டிப் பார்த்து, "சார், இனிமே செங்கல் பக்கமே போகாதீங்க," என்றார். இவர் சமர்த்தாகத் தலையாட்டினார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"அவர் இல்லைங்க, வைக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது."

இவர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். இந்த வார்த்தையை இன்றைக்குத்தான் கேட்கிறார்.

மத்தியானம் கடல் பக்கம் கிளம்பினோம். பத்து கிலோமீட்டர் வரை வண்டி ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே, "அதை இன்னொரு தடவை சொல்லேன்," என்றார்.

சொன்னேன்.