காலியாக இருந்த ஃபியூஸ் குழி

ஒரு கடிதம் எழுதக்கூட எனக்கு வேலை வைக்காமல் கூடவே இருந்த என் அருமை அத்தானுக்கு,

போன வாரம் அப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. விருதுநகர் டாக்டரிடம் காட்ட உங்க காரில் கூட்டிப் போனேன். ஆமாம், நான்தான் ஓட்டினேன். நீங்க இருந்தால் சிரித்திருப்பீங்க.

ஆமத்தூர் தாண்டியதும் மூச்சு ரொம்பத் திணறியது. ஓரமாக நிறுத்தி, மருந்துப் புகை பிடிக்கிற மெஷினின் வயரை, சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருகினேன். காரிலும் ஓடும் என்று சொல்லித்தான் கடையில் அந்த வயரைக் கொடுத்தார்கள். மெஷின் அசையவே இல்லை.

ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றினால் கலர் கலராகச் சின்னச் சின்ன ஃபியூஸ்கள். மூடிக்குப் பின்னால் இருந்த படத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் குழி காலி. கழன்று விழுந்திருக்கும் என்று கால்மிதியைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒரு பேனா மூடியும் கொஞ்சம் மண்ணும்தான் வந்தது.

"பதறாத தாயி... மெல்லப் பாரு" என்கிறார் அப்பா, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று. போனை எடுத்தால் விரல் உங்க நம்பருக்குத்தான் போகிறது. நான் என்ன செய்ய?

உங்க தம்பியைக் கூப்பிட்டேன்.

"மதினி, அது கீழ விழல. வண்டி வாங்குன அன்னைக்கே அண்ணன் பிடுங்கிட்டாக. நம்ம பட்டாசு கம்பெனிக்குள்ள போற வண்டில நெருப்புப் பத்துற சாமான் இருக்கக்கூடாதுன்னு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லலையே, அத்தான்.

"சரி, சாவிய ஆஃப் பண்ணுங்க. ஹாரனுக்கு உள்ளதும் அதே அளவு நீல ஃபியூஸ்தான். அதப் பிடுங்கி அங்கன சொருகுங்க. மாமா எப்படி இருக்காக?"

போனை மடியில் போட்டேன். நகம் ஒடியப் பிடுங்கிச் சொருகினேன். சாவியைத் திருப்பியதும் மெஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில், மூச்சுக்கு ஏறி இறங்கிய அப்பாவின் தோள் தணிந்தது. ஹாரன் இல்லாமல், தீபாவளி சீசன் லோடு லாரிகளுக்கு நடுவே ஜன்னலில் கையைக் காட்டிக் காட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

இனி அடிக்கடி இப்படி வரும் என்கிறார் டாக்டர்.

உங்க மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் அழுகை வந்தது. காபி கேட்டுவிட்டு உட்கார்ந்தவர், நான் ஆற்றிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டீங்க. சொல்ல நேரம் எங்கே இருந்தது? எங்கள் நல்லதுக்கென்று இன்னும் எதையெல்லாம் கழற்றி வைத்திருக்கீங்களோ! தேவைப்பட்டுக் கை வைக்கும்போதுதானே எனக்குத் தெரியும்.

ஹாரனுக்குப் புது ஃபியூஸ் போட்டாச்சு. அந்தக் குழியில் சொருகியதை மட்டும் எடுக்கவில்லை. உங்க கட்டுப்பாட்டையும் மீறவில்லை. கம்பெனியை இப்போது நான்தான் பார்க்கிறேன். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு வெயிலில் நடந்து போகிறேன். "உள்ள கொண்டாங்கம்மா" என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார். மாட்டேன் என்கிறேன்.

அப்பாவுக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும், அத்தான். அதற்கப்புறம் என் கையாலேயே பிடுங்கிவிட்டு, காரை உள்ளே கொண்டுபோகிறேன். சத்தியம். அந்த நாள் சீக்கிரம் வந்துவிடாமல் நீங்கதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்க மாமன் மகள்,
செண்பகம்