அம்மாவின் கழுத்து மருவும் நீ அனுப்பிய சொட்டு மருந்தும்

அன்பு மகள் நெரிசாவுக்கு அப்பா எழுதுவது.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அந்த ஊரில் உனக்கு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் போய் மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நலமில்லை. இரண்டு மாதமாக நலம் நலம் என்று போனில் உனக்குச் சொன்னதெல்லாம் உன் அம்மா சொல்லச் சொன்ன பொய். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், உன் அம்மா போனைப் பிடுங்கி மழை பெய்ததையும் மாங்காய் உதிர்ந்ததையும் பேச ஆரம்பித்துவிடுவாள். இந்தத் தடவை நான் நிறுத்துவதாக இல்லை. சல்வசியோன் டீச்சரின் மகள் வியாழக்கிழமை மிலானுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நடுவில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் தம்பி ரொடெலின் கல்யாணத்துக்கென்று நீ அனுப்பிய மஞ்சள் கவுனை அம்மா போட்டுக்கொண்டு போன் முன்னால் நின்று உனக்குக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா. காலையிலேயே குளித்து, தலை வாரி, உன் சித்தி கொன்சிங்கைக் கூப்பிட்டு முதுகுப் பட்டனைப் போடச் சொல்லி, அரை மணி நேரம் காத்திருந்தாள். நீ வந்தாய், பார்த்தாய், கவுன் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா. "என்னம்மா கழுத்துல மிளகைக் கொட்டி வச்சிருக்கே, போட்டோல எல்லாம் தெரியுமே" என்று சொல்லிச் சிரித்தாய். சித்தி சிரித்தாள். பக்கத்தில் நின்ற ரொடெல் சிரித்தான். நானும்தான் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கவுனைக் கழற்றி வைத்தாள். அன்றிலிருந்து அவள் கழுத்தில் ஒரு துண்டு ஏறியது. இங்கே ஏப்ரல் வெயில் எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. அடுப்படியில் நிற்கும்போதும் துண்டு, சந்தைக்குப் போகும்போதும் துண்டு. கோவில் பாட்டுக் குழுவில் இருபது வருஷமாக முன் வரிசையில் நின்றவள் பின் வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். அந்த மருக்கள் ரொடெல் பிறந்த காலத்திலிருந்து அவள் கழுத்தில் ஒன்றிரண்டாகத் தொங்கிக்கொண்டு இருந்தவைதான். அவளும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்தது கிடையாது. நினைக்க வைத்தது உன் ஒரு சிரிப்பு.

அதற்கு அப்புறம் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். முதலில் உன் சித்தி வந்தாள். "நூலால இறுக்கிக் கட்டினா அதுவா காஞ்சு விழுந்துடும் அக்கா, என் மாமியாருக்கு அப்படித்தான் விழுந்துச்சு" என்று தையல் நூலை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டினாள். உன் அம்மா கழுத்தில் வெள்ளை நூல் நுனிகளோடு ஒரு வாரம் நடமாடினாள். ஒன்று விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்து எனக்குக் காட்டினாள், ஏதோ பரிசு வாங்கியது போல முகம் அவளுக்கு. மற்றதெல்லாம் வீங்கிச் சிவந்து நின்றன. பெரியதாக ஒன்று, இடது பக்கம், சட்டையில் உரசிக்கொண்டே இருந்தது, "இதை மட்டும் எப்படியாவது எடுத்துடுங்க" என்று என்னிடம் கேட்டாள். நான் படகு இஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கையை டீசல் துணியில் துடைத்துவிட்டு, நகவெட்டியில் கொஞ்சம் சாராயத்தை ஊற்றி, நறுக்கென்று வெட்டினேன். நான்தான் வெட்டினேன் நெரிசா. அவ்வளவு சின்னச் சதைக்குள் அவ்வளவு ரத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. துண்டை வைத்து அழுத்திப் பிடித்தும் அரை மணி நேரம் நிற்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லைங்க, மிச்சத்தையும் எடுத்துடலாம்" என்கிறாள். நான் நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நாங்கள் செய்தது முட்டாள்தனம். ஆனால் இரண்டு முட்டாள்கள் நகவெட்டியோடு நின்றிருப்போம், அத்தோடு போயிருக்கும். அப்போதுதான் லீவில் வந்த உன் தோழி கையில் நீ அனுப்பிய அந்தக் குட்டிப் பாட்டில் வந்து சேர்ந்தது. அதில் எழுதியிருந்தது இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. இது என்ன மருந்து, எந்த டாக்டர் கொடுத்தது என்று நான் கேட்டேன். "வெளிநாட்டு மருந்து சும்மாவா இருக்கும் அத்தான், அவ என்ன விஷத்தையா அனுப்புவா" என்று சித்தி என் வாயை அடைத்தாள். நீயும் போனில் வந்து, ஒரு சொட்டு வை, மூணு நாளில் உதிர்ந்துடும், இங்க எல்லாரும் வீட்டுலயே பண்றாங்க, இதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா என்றாய். பகல் பத்து மணிக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல்குத்தும் குச்சியால் பத்தொன்பது இடத்தில் தொட்டு வைத்தாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். முடி கருகியது போல ஒரு நாற்றம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் விட்டாள். உனக்குப் போன் போட்டுக் கேட்டோம். நீ என்ன சொன்னாய் தெரியுமா, "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் அவள் வலியைத் தாங்கினாள். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், எரிஞ்சா நல்லதுதான், நெரிசா சொல்லியிருக்கா என்று அதையே திருப்பிச் சொன்னாள். மிலானில் ஒரு கிழவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறாயே, அந்த மனுஷர் கழுத்தில் இப்படிப் பேர் தெரியாத தண்ணியை ஊற்றுவாயா. ஊற்ற மாட்டாய். அவருக்கு டாக்டர் சீட்டு வேண்டும், உன் அம்மாவுக்கு உன் வாய் போதும்.

முதலில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் மூன்றாம் நாள் கறுத்தது. நாலாம் நாள் தாடைக்குக் கீழே வீங்கியது. அதோடும் துண்டைச் சுற்றிக்கொண்டு பாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. ரொடெலும் நானும் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். நர்ஸ் தூபாஸ் அம்மாவை உனக்குத் தெரியும், உனக்கு ஊசி போட்டவள்தான். துண்டை அவிழ்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, மரு அது பாட்டுக்குத் தொங்கிட்டு இருந்திருக்கும், அது யாரையும் ஒண்ணும் செய்யாது. வேண்டாம்னா டாக்டர் மரத்துப்போக வச்சு அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவார். இதுல ஏதாவது ஒண்ணு மருவே இல்லாம வேற எதுவாவது இருந்திருந்தா, இப்படி எரிச்சுட்டு வந்து நின்னா நாங்க எதைப் பார்த்துச் சொல்றது?" என்றாள். அப்புறம் அம்மாவின் கழுத்து மடிப்பில் கறுப்பாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதை நாம் எல்லோரும் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கச் சொன்னோமே, அது. கழுத்து இப்படிக் கறுத்து, மருவும் இத்தனை இருந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இத்தனை வருஷம் ஒரு தடவையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். விரலில் குத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டு. அந்த மெஷின் தப்பாகக் காட்டுகிறதென்று நினைத்து நான் இன்னொரு விரலில் குத்தச் சொன்னேன். இன்னொரு விரலிலும் அதுதான்.

விசைப்படகில் கடலைத் தாண்டி இலோய்லோ நகரத்துக்குக் கொண்டுபோனோம். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அவள் தலை என் மடியில் ஆடியது, கழுத்தைப் பிடிக்கவும் முடியாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. பெரியாஸ்பத்திரியில் அழுகின சதையை வெட்டி எடுத்தார்கள், என் உள்ளங்கை அகலத்துக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் மூச்சுக்குழாய்ப் பக்கம் சீழ் இறங்கியிருக்கும் என்று அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா சொன்னாள். பதினோரு நாள் அங்கே கிடந்தாள். எந்தப் பதினோரு நாள் என்று எண்ணிப் பார். கல்யாணப் போட்டோவில் அம்மா எங்கே, ஒன்றிலும் காணோமே என்று நீ கேட்டபோது, வெயிலில் மயக்கம் வந்து வீட்டில் படுத்திருந்தாள் என்று சொன்னோம். அவள் பெற்ற ஒரே பையன் கல்யாணத்தன்று அவள் கையில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். கோவிலில் பையனை அழைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் நடந்தேன், இன்னொரு பக்கம் காலி. சித்தி வந்து நிற்கிறேன் என்றாள், நான் விடவில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னதற்கு உன் அம்மா, "என் கழுத்துக்காக ஊரையே பட்டினி போடுவீங்களா" என்று கத்தினாள். சாயங்காலம் ரொடெலும் புதுப்பெண் சாரிட்டோவும் கல்யாண உடையோடேயே படகேறி வந்தார்கள். வாசலில் காவலாளி ரெண்டு பேருக்கு மேல் விட மாட்டேன் என்றான், நான் வெளியே நின்றுகொண்டேன். கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா மருமகளைத் திரும்பி நிற்கச் சொல்லிக் கவுனின் பின்பக்கத்தைப் பார்த்தாள், ரொடெலின் காலர் மடங்கியிருக்கிறது என்று திட்டினாள், அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள், கழுத்து திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது புண் ஆறிவிட்டது. தழும்பு கயிறு மாதிரி இறுகி இருக்கிறது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறாள். சாப்பாட்டில் பாதிச் சோறு, காப்பியில் சர்க்கரை கிடையாது, அவளுக்குப் பிடித்த ஒட்டரிசிப் பலகாரம் அடியோடு கிடையாது, அதற்காக என்னோடு தினம் சண்டை. சாரிட்டோ நல்ல பெண், மாத்திரை நேரத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாங்காய் இந்த வருஷம் பரவாயில்லை. உன்னிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தூர தேசத்தில் ஒண்டியாக இருக்கிற பிள்ளை, தெரிந்தால் வேலை செய்ய மாட்டாள், தூங்க மாட்டாள் என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தச் சத்தியம் போயிற்று. நம் குடும்பக் குழுவில் நீ ஒரு படம் போட்டாய். உன் கழுத்து. அங்கங்கே சிவப்புப் புள்ளி. "எனக்கும் ஏழெட்டு இருந்துச்சு, அதே சொட்டு மருந்துதான், சித்திக்கும் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கேன்" என்று கீழே எழுதி ஒரு சிரிக்கிற முகம் வேறு. அதைப் பார்த்ததும் என் கை இஞ்சினிலேயே நின்றுவிட்டது. படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கழுத்து மடிப்பிலும் அந்தக் கறுப்பு இருக்கிறது. முப்பத்திரண்டு வயசில். உன் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பொய் சொன்னது தப்பு என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மே மாதமே உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அந்தத் தண்ணியை உன் கழுத்தில் தொட்டிருக்க மாட்டாய். அந்தக் கோபம் உன் மேல் இல்லை, என் மேல்தான், ஆனால் சேர்த்தே உன்னைத் திட்டுகிறேன், தனித்தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

சித்திக்கு வந்த பாட்டிலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுக்க மாட்டேன் என்றதற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, பேசாமல் இருக்கட்டும். உன்னிடம் மிச்சம் இருப்பதைத் தூர எறி. வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே போன் பண்ணிச் சொல், வெட்கப்படாதே. நூல் கட்டாதே, நகவெட்டி எடுக்காதே, கிள்ளாதே. இருந்துவிட்டுப் போகட்டும், கழுத்தில்தானே இருக்கிறது. உறுத்தினால் அங்கே டாக்டரிடம் காட்டி எடுத்துக்கொள், முதலில் அது மருதானா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். இப்போது தொட்ட இடம் வீங்கினாலோ கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எரிந்தால் நல்லது என்று எனக்குச் சொல்லாதே.

உனக்கு நீண்ட ஆயுசையும் நல்ல உடம்பையும் கடவுள் கொடுக்க வேண்டும் என்று தினம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை திட்டியும் அதில் ஒன்றும் குறையவில்லை. அம்மாவும் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணுகிறாள், நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன், "அந்தச் சிரிச்சதை எழுதாதீங்க, புள்ளை வேணும்னேவா சிரிச்சா?" என்றாள். நான் அந்த வரியை அடிக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார். மன்னிப்பு கேட்டு எனக்குப் பக்கம் பக்கமாக எழுதாதே, அழுதுகொண்டு போனும் போடாதே. எத்தனை என்று அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. அது வரும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்திருப்போம்.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அப்பா
அன்செல்மோ