சுவரைப் பார்த்து உக்காந்த பரீட்சை

ஆவணி 12, வியாழக்கிழமை, 2008

மவன் செல்வம் கம்பியில்லாத இன்டர்நெட் பெட்டியை ஸ்டீரியோ பக்கத்துல வெச்சதுலேருந்து, பாட்டுக்கு நடுவுல கிர்ருனு ஒரு இரைச்சல். சொன்னா வூட்டுல யாரும் நம்பல.

"உங்களுக்கு மட்டும் எப்பிடிப்பா கேக்குது?"ன்னான்.

"நான் கடைக்குப் போவச் சொன்னாதான் மாமாவுக்குக் கேக்காது"ன்னு மருமவ சிரிச்சா.

பீங்கான் கம்பெனில முப்பது வருஷம் கப்பைத் தட்டி, சத்தத்தை வெச்சே கீறல் கண்டுபுடிச்சவன் நான். பள்ளிக்கூடம் போவாத எனக்கு அதுதான் படிப்பு. அப்ப காதைச் சோதிக்க சுவரைப் பார்த்து உக்கார வெப்பாங்க, பின்னால ஒருத்தர் கப்பைத் தட்டுவார், எதுல கீறல்னு நான் சொல்லணும். இன்னிக்கும் அப்படியே உக்காந்து, "பெட்டியைப் போட்டுப் போட்டு நிறுத்துடா, நான் சொல்றேன்"ன்னேன்.

"இப்ப இரையுது. இப்ப இல்ல. இப்ப இரையுது."

திரும்பிப் பார்த்தா பிளக்கு அவன் கையிலயே இருக்குது.

"ஒருதடவகூட போடலப்பா"ன்னான். அவன் சிரிக்கல. சிரிச்சிருக்கலாம்.

இப்ப எல்லாத்தையும் அணைச்சாச்சு. இரைச்சல் நிக்கல. சமையக்கட்டுலேருந்து நல்ல கப்பு ஒண்ணும் கீறல் வுட்ட கப்பு ஒண்ணும் எடுத்தாந்து பக்கத்துல வெச்சிருக்கேன். இன்னும் தட்டிப் பார்க்கல.