மருந்து அடிக்காத பாதி

என் அன்பு ராசாத்திக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. நம் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகள் ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்றாள் நம் மகள் வசந்தி. அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவு காய்கறி போட நமக்குக் கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில். நீ கொழுந்து பறித்துவிட்டு வருவாய், நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருவேன். மீதிப் பொழுதெல்லாம் அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு போஞ்சிக் கொடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பேன். ஞாயிறு விடிந்ததும் பறித்துப் பதுளைச் சந்தைக்குப் பஸ்ஸில் கொண்டுபோவோம். காயில் ஒரு ஓட்டை இருக்காது.

வீட்டுக்கு மட்டும் தண்ணீர் விழும் பீலி ஓரமாக நீ தனியாக ஒரு பாத்தி வைத்திருந்தாய். அதில் மருந்து படவிடமாட்டாய். நாமும் பிள்ளைகளும் சாப்பிட்டது அதிலிருந்துதான். அது சரியா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ எத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தாயோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாராவாரம் நம்மிடம் வாங்குகிற யாழ்ப்பாணத்து டீச்சர் தன் சின்ன மகளோடு வந்திருந்தார். அவர் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது குழந்தை ஒரு போஞ்சியை எடுத்துக் கடித்தது. நீ எட்டி அதைப் பிடுங்கினாய். பச்சையாகத் தின்னாதே, நேற்றுத்தான் மருந்து அடித்தது என்றாய். அப்படியானால் சமைத்துக் கொடுக்கலாமா என்று டீச்சர் கேட்டார்.

“எங்க வீட்டுல இத சமைக்கிறதில்லைங்க டீச்சர்.”

அவர் பையைக் கவிழ்த்து, எடுத்த காயை நம் சாக்கின் மேலேயே கொட்டினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நம்மையே பார்த்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் உன் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். இனி நம்மிடம் யார் வாங்குவார்கள், பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்றேன். நீ சந்தைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பு முன்னால் நின்றாய்.

“நம்ம புள்ளைக்கு ஆகாதது அந்தப் புள்ளைக்கு மட்டும் ஆகுமாங்க?”

உன்னை அடித்துவிட்டேன். வசந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். இது நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். இனி எல்லாருக்கும் தெரியட்டும் ராசாத்தி.

நீ அழவில்லை. மறுவாரம் நிலத்தில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினாய். மாட்டுப்பட்டியிலிருந்து சாணி சுமந்தாய். காட்டுச் சூரியகாந்தித் தழையை வெட்டிப் பரப்பி, மேலே மானாப்புல்லைப் போட்டு, வெறும் மண் வெயிலில் கிடக்காமல் மூடி வைத்தாய். போஞ்சி எடுத்த இடத்தில் முள்ளங்கி, முள்ளங்கி எடுத்த இடத்தில் இலை உருண்டு வரும் கோவா என்று மாற்றி மாற்றிப் போட்டாய். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் புழுவைக் கையால் பொறுக்குவாய். அப்படியும் முதல் வருஷ விளைச்சல் பெரும்பாலும் புழுவுக்குத்தான் போனது. லயத்துச் சனம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. என் பக்கத்திலிருந்து வழிந்த தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு சிவப்பாக ஓடியது. உன் பக்கத்துத் தண்ணீரில் கலங்கலே இல்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். அன்றைக்கே உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

அடுத்த தை மாதம் நெஞ்சுவலி என்று உன்னைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“எம் பக்கத்துக்கு மருந்து அடிச்சிராதீங்க.”

சரி என்றேன். மறுநாள் நீ இல்லை.

கருமாதி முடிந்து போய்ப் பார்த்தால் உன் போஞ்சி முழுக்கப் புழு. டாங்கியை மாட்டினேன். உனக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் அடித்தேன். இரண்டு நாள் கழித்து வசந்தி அந்தக் காயையெல்லாம் பறித்துக் குழி வெட்டிப் புதைத்தாள். என்னை ஏசவில்லை. கை கழுவிவிட்டு வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நீ போனபிறகு அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.

அதற்குப் பிறகு டாங்கியைத் தொடவில்லை. நீ செய்ததையெல்லாம் என் பாதியிலும் செய்தேன். விளைச்சல் குறைந்தது, கஷ்டப்பட்டோம். இந்த வருஷம்தான் அந்த மண் கையில் பொலபொலவென்று உதிர்கிறது, தோண்டினால் மண்புழு தெரிகிறது. ஓட்டை விழுந்த காயைக் கூடையின் மேலேயே வைத்து விற்கிறேன். சிலர் முகம் சுளித்துப் போவார்கள். சிலர் அதைத் தேடியே வருகிறார்கள். அந்த டீச்சரை மட்டும் காணவில்லை. மாற்றலாகிப் போய்விட்டாரோ? அந்தக் குழந்தை இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும்?

மேட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலை நிலத்தில் மேல் லயத்து மூன்று குடும்பங்களுக்குத் துண்டு கிடைத்திருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டு வந்தார்கள். எனக்கு வந்த யோசனை இல்லை இது, என் சம்சாரம் செய்தது என்று உன் பெயரைச் சொன்னேன். வருகிற மழைக்கு முன்னால் அவர்களோடு நானும் மேட்டுக்குப் போவேன். அந்த மண்ணைத் தேற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.

உன் பிள்ளைகளின் அப்பா,
மாரிமுத்து